கூடாரப் பண்டிகை: அறுவடையா, வனாந்தரமா?

அக்டோபரில் எருசலேம் போகிறீர்கள். அந்த வாரம் யூதர்களின் கூடாரப் பண்டிகை வருகிறது என்று பயண ஏற்பாட்டாளர் சொல்லியிருக்கிறார். உங்கள் போதகர் அதை அறுவடைப் பண்டிகை என்கிறார். ஞாயிறு பள்ளியிலோ அது வனாந்தரத்தில் நாற்பது வருஷம் அலைந்ததின் நினைவு என்று படித்திருக்கிறீர்கள். இரண்டில் எது சரி, ஆலயம் இடிந்து இத்தனை நூற்றாண்டு ஆன பிறகும் அது எப்படி யாத்திரைப் பண்டிகை ஆகும், போனால் என்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. களமும் ஆலையும் நிரம்பிக் கிடக்கிற நாளில், சந்தோஷமாக வீட்டுக்குள் இருக்க வேண்டியவர்கள் ஏன் வெளியே வந்து, மழை பெய்தால் ஒழுகுகிற குடிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?

நான் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடும் எபிரெயமும் கற்பித்தவன். படிப்புக்காக எருசலேமில் தங்கியிருந்த காலத்தில் இந்தப் பண்டிகையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நான் யூதன் அல்ல. எந்தக் கூடாரம் செல்லும், எது செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு ரபிகள் இருக்கிறார்கள். நூல்களில் படித்ததையும் கண்ணால் கண்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். எது உறுதி, எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். வருஷத்தில் மூன்று தரம் இஸ்ரவேலின் ஆண்மக்கள் எல்லாரும் கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்தில் வந்து நிற்க வேண்டும், வெறுங்கையோடு வரக்கூடாது என்கிறது உபாகமம் 16. அந்த மூன்றும் பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை. எபிரெயத்தில் பேசாக், ஷாவுவோத், சுக்கோத். மூன்றுக்கும் இரண்டு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று நிலத்தில் இருக்கிறது, மற்றொன்று வரலாற்றில். பஸ்கா வாற்கோதுமை முற்றும் காலம், எகிப்திலிருந்து புறப்பட்ட நாளும்கூட. ஷாவுவோத் கோதுமை அறுப்பின் முதற்பலன். சீனாயில் நியாயப்பிரமாணம் கிடைத்த நாள் என்பதும் அதனோடு சேர்ந்தது. இந்த இரண்டாவது தொடர்பு வேதத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை, பிற்கால ஆசிரியர்கள் கணக்குப் பார்த்துச் சேர்த்தது. சுக்கோத் விஷயத்தில் அப்படியல்ல, இரண்டு வேரும் வேதத்திலேயே இருக்கின்றன. யாத்திராகமம் 23 அதைச் சேர்ப்புக்காலப் பண்டிகை என்கிறது, வருஷ முடிவில் வயலின் பலனைச் சேர்த்து முடித்தபோது வருவது. லேவியராகமம் 23 ஏழு நாள் கூடாரங்களில் குடியிருங்கள் என்று சொல்லிவிட்டு, எகிப்திலிருந்து அழைத்துவந்தபோது அவர்களைக் கூடாரங்களில் குடியிருக்கச் செய்ததை உங்கள் சந்ததியார் அறிய வேண்டும் என்று காரணமும் தருகிறது. ஆகவே உங்கள் போதகர் சொன்னதும் சரி, ஞாயிறு பள்ளியில் படித்ததும் சரி.

இரண்டும் எப்படி ஒன்றாயின என்பதில்தான் ஊகம் தொடங்குகிறது. பழமையானவை என்று கருதப்படும் யாத்திராகமப் பட்டியல்களில் கூடாரம் என்ற பேச்சே இல்லை, விளைச்சலைச் சேர்ப்பது மட்டும்தான். ஏசாயா முதல் அதிகாரத்தில் திராட்சத் தோட்டத்துக் குடிசை ஒன்று வருகிறது. பழம் பறிக்கிற வாரங்களில் விவசாயிகள் தோட்டத்திலேயே குடிசை போட்டுக் காவல் இருந்தார்கள். பண்டிகைக் கூடாரம் அந்தக் குடிசையிலிருந்து வந்தது, எகிப்தின் நினைவு பிறகு அதன்மேல் ஏறியது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. யாத்திரை வந்தவர்கள் எருசலேமில் தங்குவதற்குப் போட்ட தற்காலிகக் குடிசைகளே மூலம் என்பவர்களும் உண்டு. நார்வே அறிஞர் சிக்மண்ட் மோவிங்கல் 1920களில் வேறொன்று சொன்னார். இந்தப் பண்டிகை ஒருகாலத்தில் புத்தாண்டு விழாவாக இருந்தது, பாபிலோனில் நடந்ததுபோல கர்த்தரை ராஜாவாகச் சிங்காசனத்தில் ஏற்றும் சடங்கு அதில் நடந்தது என்றார். ஒரு தலைமுறை மாணவர்கள் இதைப் படித்து வளர்ந்தோம். ஆனால் அப்படி ஒரு சடங்கு நடந்ததாக வேதத்தில் நேரடியான விவரிப்பு இல்லை; சங்கீதங்களின் வரிகளைக் கோத்து எழுப்பிய கட்டடம் அது. தோட்டக் குடிசை விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, அவ்வளவுதான். நிரூபணமானது என்று யாராவது பிரசங்கித்தால் நம்ப வேண்டாம்.

இந்தச் சிக்கல் இன்றைய ஆய்வாளர்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. வனாந்தரக் கதையில் ஜனங்கள் துணிக் கூடாரங்களில் தங்கியதாகத்தான் படிக்கிறோம். பாலைவனத்தில் குடிசை வேய இலைதழைக்கு எங்கே போவது? தால்மூத் என்ற யூத ரபிகளின் பழைய விவாதத் தொகுப்பில் அந்த லேவியராகம வசனத்தை வைத்து இரண்டு பெரியவர்கள் மோதுகிறார்கள். ரபி எலியேசர், கூடாரங்கள் என்றது ஜனங்களை மூடி நின்ற மகிமையின் மேகங்களை என்கிறார். ரபி அகிவா, இல்லை, நிஜக் குடிசைகள்தான் என்கிறார். வேறொரு பழைய நூலில் இந்த இருவரின் பெயரும் இடம் மாறி வருகிறது. யார் எதைச் சொன்னார் என்பதே உறுதியில்லை என்றாலும், கேள்வி அவ்வளவு பழையது என்பது உறுதி.

மூலம் எதுவாக இருந்தாலும், சேர்ந்த பிறகு அது என்ன சொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 12ஆம் நூற்றாண்டில் வடபிரான்சில் வாழ்ந்த சாமுவேல் பென் மேயர் என்ற உரையாசிரியர் எழுதியதைவிடத் தெளிவாக யாரும் இதை எழுதவில்லை. அவரை ரஷ்பாம் என்பார்கள், புகழ்பெற்ற ராஷியின் பேரன். அவர் சொல்வதன் சாரம் இது: வீடு முழுக்கத் தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் நிறைந்திருக்கிற நேரம் பார்த்து உன்னை வெளியே வரச் சொல்கிறது, ஏனென்றால் அப்போதுதான் மனுஷனுக்கு, என் கை பலத்தால் இதைச் சம்பாதித்தேன் என்ற நினைப்பு வரும், நிலமும் வீடும் இல்லாமல் குடிசையில் கிடந்த காலத்தை அந்த நேரத்தில் நினைத்துக்கொள். உபாகமம் எட்டாம் அதிகாரத்தின் எச்சரிக்கையை அவர் இங்கே கொண்டுவந்து வைக்கிறார். அறுவடை இல்லாமல் குடிசைக்கு இந்த அர்த்தம் வராது. பஞ்ச காலத்தில் குடிசையில் இருப்பவனுக்கு அது நினைவூட்டல் ஆகாது, அவன் நிலைமையே அது. அதனால்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுக்கிறேன்.

எகிப்திலிருந்து புறப்பட்டது வசந்தத்தில். அப்படியானால் குடிசைப் பண்டிகையும் வசந்தத்தில்தானே வர வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். 14ஆம் நூற்றாண்டில் யாக்கோபு பென் ஆஷேர் என்ற யூதச் சட்ட அறிஞர் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். வெயில் காலத்தில் நிழலுக்காக எல்லாரும்தான் பந்தல் போட்டு உட்காருவார்கள், அதில் கட்டளை எங்கே தெரியும்? பண்டிகை வருகிற திஷ்ரி மாதம் குளிரும் மழையும் தொடங்குகிற காலம். ஊரார் பந்தலை விட்டு வீட்டுக்குள் போகும்போது நாம் வீட்டை விட்டு வெளியே வருகிறோம், அதனால் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து செய்கிறோம் என்பது தெரியும் என்கிறார். இது வரலாற்றுக் காரணம் அல்ல, பக்தியின் காரணம். அதற்குரிய மதிப்போடு அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி யாத்திரை. ஆலயம் இருந்த காலத்தில் மூன்று யாத்திரைகளிலும் இதுதான் பெரிது. வேதத்திலும் பழைய நூல்களிலும் அடைமொழி இல்லாமல் 'பண்டிகை' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் இதையே குறிக்கும். சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ததும் இந்த ஏழாம் மாதப் பண்டிகையில்தான். விவசாயிக்கு வேலை ஓய்ந்த நேரம், கையில் பொருள் இருக்கிற நேரம், பதினைந்தாம் தேதி என்பதால் முழு நிலவும் உண்டு. விளைச்சலில் ஒரு தசமபாகத்தை எருசலேமுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு அங்கேயே சாப்பிட வேண்டும். தூரமானால் விற்றுப் பணமாக முடிந்துகொண்டு போய், ஆடோ மாடோ திராட்சரசமோ மனம் விரும்பியதை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று உபாகமம் 14 அனுமதிக்கிறது. கட்டளை ஆண்களுக்கு என்றாலும் குடும்பமாகவே போனார்கள். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை என்று யார் யாரோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்பதை உபாகமம் 16 பெயர் பெயராகச் சொல்கிறது. நிலம் இல்லாதவர்களின் பட்டியல் அது. அறுவடையில் பங்கில்லாதவனை விட்டுவிட்டுக் கொண்டாடினால் அது கர்த்தரின் பண்டிகை ஆகாது என்று நான் அதை வாசிக்கிறேன்.

எத்தனை பேர் வந்தார்கள்? முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் ஒரு பஸ்காவுக்கு 27 லட்சம் பேர் என்று கணக்குப் போடுகிறார். அதை அப்படியே ஏற்கிறவர்கள் குறைவு. அன்றைய நகரத்தின் பரப்புக்கும் தண்ணீருக்கும் அது பொருந்தாது. ஆனால் பெருங்கூட்டம் வந்தது என்பதற்குக் கல்லே சாட்சி. ஏரோது விரிவாக்கிய ஆலய மேடை சுமார் 35 ஏக்கர். சீலோவாம் குளத்தின் அகலமான படிகள் 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது வெளிப்பட்டன. அந்தக் குளத்திலிருந்து ஆலய மேடையை நோக்கி ஏறுகிற, கல் பாவிய படித்தெருவையும் தோண்டியிருக்கிறார்கள். உங்கள் பயணத்தில் தாவீதின் நகரம் என்ற அகழ்வாய்விடம் இருந்தால் இவற்றைத் தவறவிடாதீர்கள். ஆரோகண சங்கீதங்கள் பதினைந்தையும் யாத்திரிகர்கள் இப்படி ஏறும்போது பாடினார்கள் என்று வழிகாட்டி உறுதியாகச் சொல்வார். அது சாத்தியம்தான், பல அறிஞர்களும் அப்படியே நினைக்கிறார்கள். ஆனால் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்வது வேறு: ஆலயத்துக்குள் ஸ்திரீகளின் பிராகாரத்துக்கு இறங்கும் பதினைந்து படிகளில் லேவியர்கள் நின்று வாத்தியங்களோடு பாடினார்கள், அந்தப் படிகள் இந்தப் பதினைந்து சங்கீதங்களுக்கு ஈடு என்கிறது.

அந்தக் குளம் முக்கியமானதற்குக் காரணம் தண்ணீர். மே முதல் செப்டம்பர் வரை அந்த நாட்டில் மழை கிடையாது என்றே சொல்லலாம். அக்டோபரில் வானம் திறக்கவில்லை என்றால் விதைப்பு இல்லை. சுக்கோத் போன விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அதே மூச்சில் அடுத்த மழைக்காகக் காத்திருக்கிற பண்டிகை. பலிபீடத்தில் வழக்கமாகத் திராட்சரசம்தான் ஊற்றுவார்கள். இந்தப் பண்டிகையில் மட்டும் தினமும் காலையில் சீலோவாமிலிருந்து தங்கக் குடுவையில் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் மொண்டு, தண்ணீர் வாசல் வழியாக எக்காளத்தோடு கொண்டுவந்து ஊற்றினார்கள். இரவெல்லாம் ஆலயப் பிராகாரத்தில் கொண்டாட்டம். உயரமான தங்க விளக்குத் தண்டுகளில் ஏணி வைத்து ஏறி, இளம் ஆசாரியர்கள் எண்ணெய் ஊற்றுவார்கள். திரிக்கு எது தெரியுமா? ஆசாரியர்களின் பழைய கால்சட்டைகளையும் இடைக்கச்சைகளையும் கிழித்துத் திரித்தது. பக்தியுள்ள பெரியவர்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடினார்கள். ரபான் சிமியோன் பென் கமாலியேல் எட்டுப் பந்தங்களை ஒன்றோடொன்று மோதாமல் வீசிப் பிடிப்பார் என்று தால்மூத் சொல்கிறது. தண்ணீர் மொள்ளும் அந்த மகிழ்ச்சியைப் பார்க்காதவன் தன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே பார்க்கவில்லை என்பது மிஷ்னாவின் வார்த்தை. யோவான் ஏழாம் அதிகாரத்தில் இயேசு பண்டிகையின் பிரதான நாளில் எழுந்து நின்று, தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வந்து பானம் பண்ணட்டும் என்று கூப்பிட்டது இந்தப் பின்னணியில்தான். அது ஏழாம் நாளா எட்டாம் நாளா என்பதில் உரையாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஆனால் கேட்டவர்கள் ஒரு வாரமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை நினைத்துப் படித்தால் அந்த வசனத்தின் பலம் தெரியும்.

தண்ணீர் வார்க்கும் இந்தச் சடங்கு மோசேயின் புத்தகங்களில் இல்லை. அதனால் எதிர்ப்பும் இருந்தது. ஒருமுறை ஒரு ஆசாரியன் தண்ணீரைப் பலிபீடத்தில் ஊற்றாமல் தன் காலில் ஊற்றிக்கொண்டான், ஜனங்கள் பண்டிகைக்காகக் கையில் வைத்திருந்த எத்ரோக் என்ற நாரத்தை இனப் பழங்களாலேயே அவனை அடித்தார்கள் என்கிறது மிஷ்னா. பெயர் சொல்லவில்லை. ஜோசிபஸோ, ராஜாவும் பிரதான ஆசாரியனுமாக இருந்த அலெக்சாண்டர் யன்னாய் இந்தப் பண்டிகையில் பலிபீடத்தருகே நின்றபோது ஜனங்கள் அந்தப் பழங்களை அவன்மேல் எறிந்தார்கள், அவன் கோபத்தில் ஏறக்குறைய 6,000 பேரைக் கொன்றான் என்று எழுதுகிறார். தண்ணீர் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே சம்பவம் என்று பலர் இணைத்துப் பேசுகிறார்கள். இருக்கலாம். இணைப்பு நம்முடையது, நூல்களுடையது அல்ல.

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள். யாத்திரை போக இடம் இல்லை, பலி இல்லை. அப்போது யோகனான் பென் சக்காய் என்ற ரபி ஒரு ஏற்பாடு செய்தார். அதுவரை ஆலயத்தில் ஏழு நாளும், மற்ற ஊர்களில் முதல் நாள் மட்டும் சடங்காகக் கையில் பிடித்த பேரீச்ச ஓலையை இனி எல்லா ஊரிலும் ஏழு நாளும் பிடிக்க வேண்டும், ஆலயத்தின் நினைவாக. யாத்திரைப் பண்டிகை என்ற பெயர் எப்படித் தங்கியது என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். ஜனங்கள் ஆலயத்துக்குப் போவது நின்றபோது, ஆலயத்தில் நடந்ததை ஜனங்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அறுபது வருஷம் கழித்து, ரோமருக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்திய பார் கோக்பா எழுதிய கடிதம் ஒன்று சாக்கடல் அருகே ஒரு குகையில் இகாயேல் யாதீன் 1960களின் தொடக்கத்தில் நடத்திய தேடலில் கிடைத்தது. யூதா பார் மெனாசே என்பவருக்கு அரமேயிக்கில் எழுதியது. இரண்டு கழுதைகளை அனுப்பியிருக்கிறேன். ஆட்களை அனுப்பி ஓலைகளும் எத்ரோக்குகளும் ஏற்றிப் பாளயத்துக்கு அனுப்பச் சொல். உன் ஊரிலிருந்து மிர்ட்டல் கிளைகளும் ஆற்றலரியும் கொண்டுவர ஏற்பாடு செய். இங்கே ஆள் நிறைய இருக்கிறது என்று அதில் இருக்கிறது. தோல்வி நெருங்கிக்கொண்டிருந்த படையின் தலைவன் பண்டிகைக்கு இலை தேடி ஆள் அனுப்பியிருக்கிறான். எத்தனை முறை படித்தாலும் என்னைக் கலங்க வைக்கிற கடிதம் அது.

இப்போது கூடாரத்தைப் பற்றி. நம் வேதாகமத்தில் கூடாரம் என்று படித்துவிட்டுத் துணிக் கூடாரத்தைக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள், பார்க்கப் போவது கூரை வேய்ந்த பந்தல். சுவர் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். பலகை, துணி, வீட்டுச் சுவர், எதுவும் சரி. யானையைச் சுவராக நிறுத்தலாமா என்றுகூடத் தால்மூத்தில் விவாதம் இருக்கிறது. கட்டிப்போட்ட யானையானால் தடையில்லை, செத்து விழுந்தாலும் அதன் உடல் வேண்டிய பத்துக் கையகல உயரத்துக்குக் குறையாது என்று தீர்க்கிறார்கள். இதையெல்லாம் வேடிக்கைக்காகப் பேசவில்லை. சுவர் என்றால் எது, நிலையானது என்றால் எது என்பதைக் கடைசிவரை யோசித்துப் பார்க்கிற முறை அது. கூரைதான் உயிர். மண்ணில் முளைத்து, வெட்டியெடுத்த இலையோ மூங்கிலோ ஓலையோதான் போட வேண்டும். வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும், ஆனால் இடைவெளியில் நட்சத்திரம் தெரிவது நல்லது. மரத்தடியிலோ வேறு கூரையின் கீழோ போடக்கூடாது. இதனால் எருசலேமின் பக்தர்கள் வாழும் பகுதிகளில் அடுக்குமாடிக் கட்டடங்களின் பால்கனிகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளி நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைக்கு மேல் வானம் வேண்டும் என்பதற்காக. அண்ணாந்து பாருங்கள், புரியும்.

ஏழு நாளும் சாப்பாடு அதற்குள்ளேதான், முடிந்தவர்கள் தூங்குவதும் அங்கேதான். மழை பெய்தால்? குழம்பு கெட்டுப்போகிற அளவுக்குப் பெய்தால் எழுந்து போகலாம் என்கிறது மிஷ்னா. உடனே ஓர் உவமை சொல்கிறது: எஜமானுக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்க வந்த வேலைக்காரனின் முகத்திலேயே எஜமான் குடுவையைக் கொட்டியதுபோல. மழைக்காக ஏங்குகிற ஜனத்துக்குப் பண்டிகை முடியும் முன்பே மழை வந்தால் அது வரவேற்பு அல்ல, நிராகரிப்பு. ஷம்மாய் என்ற கண்டிப்பான ஆசிரியரின் மருமகளுக்குப் பண்டிகையில் குழந்தை பிறந்தது. பச்சிளங்குழந்தைக்கும் கூடாரம் வேண்டும் என்று அவர் கட்டிலுக்கு மேலே கூரைச் சாந்தை உடைத்துத் தழை போட்டார் என்றும் அதே இடத்தில் படிக்கிறோம். பெண்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் இது கடமையில்லை என்பதே பொதுத் தீர்ப்பு.

நான்கு இனங்களைக் கையில் பிடிப்பார்கள்: இன்னும் விரியாத பேரீச்சங்குருத்தோலை, மூன்று மிர்ட்டல் கிளை, இரண்டு ஆற்றலரிக் கிளை, எத்ரோக் என்ற நாரத்தை இனப் பழம். ஓலையும் கிளைகளும் வலக்கையில் ஒரே கட்டாக, பழம் இடக்கையில். நான்கு திசையிலும் மேலும் கீழுமாக அசைப்பார்கள். பண்டிகைக்கு முந்திய நாட்களில் இதற்கென்றே சந்தை கூடும். அங்கே ஒரு முதியவர் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வைத்து, ஒரு எத்ரோக்கைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்ப்பதைக் கண்டேன். தோலில் ஒரு புள்ளி இருக்கிறதா, காம்புக்கு எதிர்ப்புறம் இருக்கிற சிறு முனை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தார், வைத்தார், அடுத்ததை எடுத்தார். கடைக்காரர் அவசரப்படுத்தவே இல்லை. வாங்கியதைச் சணல்நார் மெத்தையில் பொதிந்து பெட்டியில் வைத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்துப்போனார்.

லேவியராகமம் சொல்வது அலங்காரமான விருட்சத்தின் கனி என்பது மட்டும்தான், எந்தக் கனி என்று அது சொல்லவில்லை. எத்ரோக்தான் அது என்பது மரபின் தீர்மானம். பழைய தீர்மானம்தான், ரோமருக்கு எதிரான முதல் கிளர்ச்சியின் காசுகளிலேயே அந்தப் பழம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நெகேமியா எட்டாம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் மலைக்குப் போய் ஒலிவம், மிர்ட்டல், பேரீச்சம் என்று கிளை வெட்டி வந்ததைப் படித்தால், அவர்கள் அவற்றைக் கையில் பிடித்ததாக இல்லை, கூடாரம் கட்டினார்கள். யூதரில் காரைட்டுகள் என்ற பிரிவினர் இன்றும் இப்படித்தான் வாசிக்கிறார்கள்: நான்கு இனமும் கட்டுமானப் பொருள். சமாரியர்கள் இன்னொரு வழி. கூடாரத்தை வீட்டுக்குள்ளேயே அமைத்து, கூரையில் பழங்களை நெருக்கமாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். கெரிசீம் மலைக்கு மூன்று பண்டிகையிலும் இன்றும் ஏறிப் போகிறவர்கள் அவர்கள். எத்ரோக்குக்கு மணமும் சுவையும் உண்டு, பேரீச்சுக்குச் சுவை மட்டும், மிர்ட்டலுக்கு மணம் மட்டும், ஆற்றலரிக்கு இரண்டும் இல்லை, கல்வியும் நற்செயலும் உள்ளவர்கள் இல்லாதவர்கள் எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டச் சொல்கிறது என்ற விளக்கம் அழகானது. அதை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்பீர்கள். அது மித்ராஷ் என்ற பிற்கால வேத உரை நூல்களின் விளக்கம், சடங்கின் தோற்றக் காரணம் அல்ல.

நம் பக்கத்திலும் இந்தப் பண்டிகை நடந்தது. கொச்சி யூதர்கள் முடைந்த தென்னங்கீற்றால் கூடாரம் வேய்ந்தார்கள். எட்டாம் நாளுக்குப் பின்வரும், தோரா என்ற மோசேயின் புத்தகச் சுருள்களைக் கொண்டாடுகிற மகிழ்ச்சி விழாதான் அவர்களுக்கு வருஷத்தின் உச்சம். சுருள்களைப் பூவும் விளக்குமாக அலங்கரித்து, ஜெப ஆலயத்தின் முற்றத்திலும் சுற்றி வருவார்கள். பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தை மட்டாஞ்சேரியில் இன்றும் பார்க்கலாம்.

பயணத்துக்கு வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். முதல் நாளும் எட்டாம் நாளும் ஓய்வுநாள் மாதிரி. எருசலேமில் பேருந்து ஓடாது, யூதக் கடைகள் திறக்காது. பழைய நகரின் கிறிஸ்தவ, முஸ்லிம் பகுதிகளில் கடைகள் திறந்திருக்கும். நடுநாட்களில் எல்லாம் ஓடும், கூட்டமும் அப்போதுதான். அவற்றில் ஒரு காலையில் மேற்குச் சுவர் முன்பு ஆசாரிய வம்சத்தார் பல நூறு பேர் வெள்ளைச் சால்வையைத் தலைமேல் போர்த்திக்கொண்டு ஒரே குரலில் ஜனத்தை ஆசீர்வதிப்பார்கள். எண்ணாகமம் ஆறில் நாம் படிக்கிற அதே ஆசீர்வாதம். அதிகாலையிலேயே போனால்தான் இடம் கிடைக்கும். சகரியா 14இல் எல்லா ஜாதிகளும் இந்தப் பண்டிகைக்கு வருவார்கள் என்று இருப்பதை வைத்து, பல நாட்டுக் கிறிஸ்தவர்கள் 1980 முதல் அந்த வாரம் அங்கே கூடுகிறார்கள். நகரத்தில் நடக்கும் அணிவகுப்பில் அவர்களையும் பார்ப்பீர்கள். ஏழாம் நாள் காலை ஜெப ஆலயத்தில் ஏழு சுற்று வந்து, ஆற்றலரிக் கிளையைத் தரையில் அடிப்பார்கள். எட்டாம் நாள் மழைக்கான ஜெபம். அன்றே உபாகமத்தின் கடைசி அதிகாரத்தை வாசித்து முடித்துவிட்டு, சுருளை மாற்றி ஆதியாகமம் முதல் வசனத்தைத் தொடங்குவார்கள்; இஸ்ரேலுக்கு வெளியே இது அடுத்த நாள். யாராவது தங்கள் கூடாரத்துக்குள் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், விருந்தினரை உட்காரவைப்பது அந்த வாரத்தின் வழக்கம். ஆபிரகாம் முதல் தாவீது வரை ஏழு முற்பிதாக்களையும் ஒவ்வொரு இரவும் பெயர் சொல்லி உள்ளே அழைக்கிற குடும்பங்கள் உண்டு. வெளியிலிருந்து உணவு மட்டும் கொண்டுபோகாதீர்கள், அவர்களுடைய உணவு விதி வேறு. போவதற்கு முன் லேவியராகமம் 23, உபாகமம் 16, நெகேமியா 8, யோவான் 7 ஆகிய நான்கையும் இந்த வரிசையில் படித்துவிட்டுப் போங்கள்.